முப்பது நிமிடக் கதவு

பதினேழு, பதினெட்டு என்று உதட்டுக்குள் எண்ணியபடி கதவைத் திறந்து திறந்து விடுகிறார் பஞ்சக்கா. திறப்பது மட்டும்தான் அவர் வேலை. மூடுவது கதவின் வேலை. அது தானாக வந்து சட்டத்தில் உட்காரும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். இருபத்தைந்து ஆனதும் நிறுத்திவிட்டு, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தகட்டை நுழைத்து இடைவெளியை அளக்கிறார். மேலே மூன்று இடம், பக்கத்துக்கு ஐந்து இடம், கீழே மூன்று இடம். எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொள்கிறார். புத்தம் புதுக் கதவு, வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அதைக் கொளுத்தப் போகிறார்கள்.

"கொளுத்தப்போற கதவுக்கு இவ்வளவு பார்க்கணுமா?" என்று கேட்டேன், அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான்.

"கொளுத்தப்போறதாலதான் பாக்கறேன். நாளைக்கு இது பாதியில போச்சுன்னா கதவு மேல தப்பா, மாட்டினவன் மேல தப்பான்னு தெரிய வேணாமா?"

தீத்தடுப்புக் கதவுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் கூடம் இது. மருத்துவமனை, விடுதி, அலுவலக மாடி என்று எங்கே தீப்பிடித்தாலும், மனிதர்கள் இறங்கி ஓடும்வரை நெருப்பை அந்தப் பக்கமே நிறுத்திவைப்பதற்கென்று செய்யப்படும் கதவுகள். அவை எத்தனை நிமிடம் தாங்கும் என்று வாயால் சொன்னால் போதாது. எரித்துக் காட்ட வேண்டும். அப்படி எரிந்த கதவுகளின் எதிரே இருபத்தெட்டு வருடம் நின்றவர் பஞ்சக்கா. ஐம்பத்தாறு வயது, குட்டையான உருவம். உலையைப் பார்த்துப் பார்த்து முகம் மட்டும் கழுத்தைவிட ஒரு படி கறுத்திருக்கும். கதவின் மேல்விளிம்பு எட்டாது என்பதால் அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் பெயர் வந்தது பஞ்சினால். உலையின் வாயில் ஒரு சுவர் எழுப்பி, அதில் கதவைச் சட்டத்தோடு பொருத்துவார்கள். அந்தப் பக்கம் எரிவாயுக் குழாய்கள் சீறும். ஐந்தாவது நிமிடத்தில் ஐந்நூறு டிகிரி தாண்டும். முப்பதாவது நிமிடத்தில் எண்ணூறு. இந்தப் பக்கம் பஞ்சக்கா. கையில் நீளப் பிடி வைத்த கம்பிச் சட்டம், அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பஞ்சுத் திண்டு. கதவில் எங்கே விரிசல் தெரிகிறதோ, எங்கே புகை சிவக்கிறதோ, அங்கே அதைக் கொண்டுபோய் அரை நிமிடம் காட்டுவார். பஞ்சு பற்றிக்கொண்டால் கதவு தோற்றது. தீ நாக்கு வெளியே வந்து பத்து விநாடி நின்றாலும் தோற்றதுதான். அந்தப் பத்தையும் அவர்தான் எண்ணுவார், உரக்க. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கதவு செய்த நிறுவனத்து ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருமுறை இருபத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு கதவின் மூலையில் தீ எட்டிப் பார்த்துவிட்டது. அதைச் செய்தவர் ஓடிவந்து கெஞ்சினார். "அக்கா, ரெண்டே ரெண்டு நிமிஷம்தானே!"

"ரெண்டு நிமிஷத்துல ரெண்டு மாடி இறங்கிடலாம் தம்பி" என்றார் பஞ்சக்கா, எழுதுவதை நிறுத்தாமல்.

அவர் வாயில் அடிக்கடி வரும் இன்னொரு வாக்கியம்: "கதவுன்னா பலகை மட்டும் இல்லீங்க." சட்டம், கீல், கைப்பிடி, சூடு பட்டால் ஊதிப் பெருத்து இடுக்கை அடைக்கும் ஓரப்பட்டை, தலைமேல் இருந்து கதவை இழுத்து மூடும் க்ளோசர் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த முப்பது நிமிடம். "இதுல ஒரு திருகாணியக் கழட்டினாலும் அது வேற கதவு. அதை நான் பாத்ததில்ல. அதுக்கு நான் பேச முடியாது."

வெளியிலும் அவர் கை சும்மா இருக்காது. மூடியிருக்க வேண்டிய கதவை யாராவது ஆப்பு வைத்துத் திறந்துவைத்திருந்தால் காலாலேயே தட்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். பஸ் ஓட்டுநரான அவர் கணவர் அந்தப் பையை எனக்குக் கொட்டிக் காட்டினார். மரக்கட்டை, மடித்த அட்டை, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒரு அதிகாரியின் பெயர்ப்பலகை. "இவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஊரே பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கும். இவ மண்டபத்துக் கதவைப் பாப்பா. சாப்பாடு எப்படின்னு கேட்டா, பின்வாசல் பூட்டியிருக்குன்னு சொல்லுவா." வெளிநாட்டில் வேலைக்குப் போன மகன் முதல் நாள் போன் செய்தபோது, சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்பு அவர் கேட்டது, "ரூம் கதவு தானா மூடுதாடா?"

இப்படிப்பட்டவர், போன வருடம் உலைப் பக்கமிருந்து தாமாகவே விலகி இந்த அளவெடுக்கும் மேசைக்கு வந்துவிட்டார். முழங்கால் வலி என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் சொன்னார்.

ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டாவது மாடியில், நடையின் கோடியில் துணிகள் அடுக்கிவைக்கும் அறையில் மதியம் இரண்டு மணிக்குத் தீப்பிடித்தது. நடை முழுவதும் புகை. ஒரு வார்டில் நான்கு நோயாளிகள். மூன்று பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள். அவர்களோடு ஒரு நர்ஸ், இருபத்தாறு வயது. வார்டுக் கதவு இந்தக் கூடத்தில் சோதித்த மாதிரிதான்; பஞ்சக்கா பஞ்சு பிடித்து, முப்பத்து நான்கு நிமிடம் நின்றது என்று எழுதிய கதவு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமே. மேலே இருக்கும் க்ளோசர்தான் அதை மூடியபடியே வைத்திருக்கும். ஆனால் அன்று அந்தக் க்ளோசர் இல்லை. இரண்டு மாதம் முன்பே யாரோ கழற்றிவிட்டார்கள்.

நெருப்பின் அழுத்தம் கதவை உள்பக்கம் தள்ளியது. அந்தப் பெண் கட்டில்களை எல்லாம் சன்னல் பக்கம் உருட்டிவிட்டாள். கதவுக்கு முட்டுக் கொடுக்க மிச்சம் இருந்தது அவள்தான். ஈரத் துணியைக் கீழே செருகிவிட்டு, முதுகைக் கதவில் வைத்து, காலை ஊன்றி நின்றாள். இருபத்தாறு நிமிடம். தீயணைப்புக்காரர்கள் ஏணி போட்டு நான்கு பேரையும் சன்னல் வழியே இறக்கினார்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். அவள் உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒவ்வொரு இருமலுக்கும் கதவு ஒரு நூல் விலகியிருக்கும். அந்த நூலளவில் வந்த புகை போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

விசாரணை தொடங்கியது. கதவைக் கழற்றி இந்தக் கூடத்துக்கு அனுப்பினார்கள். சான்றிதழில் உள்ளபடி அது இருந்ததா என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். எழுதியவர் பஞ்சக்கா. கூடவே வந்த கோப்பில் மருத்துவமனையின் பராமரிப்புப் பதிவேட்டு நகல் ஒன்று இருந்தது. 'இரண்டாம் மாடி வார்டுக் கதவு வேகமாக மூடுகிறது. ஸ்ட்ரெச்சரில் இடிக்கிறது. தயவுசெய்து க்ளோசரைக் கழற்றிவிடவும்.' கீழே கையெழுத்து. அந்தப் பெண்ணுடையதேதான்.

"அந்தத் தாளைப் படிச்சுட்டு கேன்டீன்ல போய் உக்காந்தேன். டீ ஆறிப்போச்சு. குடிக்கல" என்றார் பஞ்சக்கா.

அந்த வாரம்தான் கூடத்துக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார ஆரம்பித்தார். காலை ஒன்பதுக்கு வருவார், மாலை ஐந்துக்குப் போவார். இறந்த பெண்ணின் தாய். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். உள்ளே விடச் சொல்லி இரண்டு முறை கேட்டார். விசாரணை முடியும்வரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கூடத் தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். தலைவர் ஒரு காலத்தில் பஞ்சக்காவிடம் பஞ்சு பிடிக்கக் கற்றவர். கூடத்துக்குள் இவருக்கு அவர் 'சார்'; கேன்டீனில் 'தம்பி'.

"அந்த அம்மா வெயில்ல உக்காந்திருக்காங்க தம்பி."

"தெரியும்க்கா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? நாளைக்குக் கோர்ட்ல கேப்பான்."

நான்காம் நாள் மாலை பஞ்சக்கா தம் பஸ்ஸை விட்டுவிட்டு, போய் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் திரும்பி, சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் படித்தார். அழவில்லை. பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். அதில் வரிசையாக மூன்று கேள்வி எழுதிவைத்திருந்தார்.

"அந்தக் கதவு எத்தனை நிமிஷம் தாங்கும்?"

"சர்டிபிகேட்ல முப்பது. நான் பாத்தப்ப முப்பத்து நாலு நின்னுச்சு."

டீச்சர் எழுதிக்கொண்டார். "அவ முதுகு சுட்டிருக்குமா?"

"இல்லம்மா. மரம் சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது. வெதுவெதுன்னு இருந்திருக்கும், அவ்வளவுதான். சத்தியமா சொல்றேன்."

அதையும் எழுதிக்கொண்டார். வெதுவெதுப்பு என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு மூன்றாவது கேள்வி.

"மேல இருந்ததைக் கழட்டச் சொன்னது யாரு?"

பஞ்சக்காவுக்குத் தெரியும். அன்று காலைகூட அந்தத் தாளைப் பார்த்திருந்தார்.

"தெரியலம்மா."

டீச்சர் 'தெரியவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, நோட்டை மூடி, "ரொம்ப நன்றிம்மா" என்றார். மறுநாளிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை.

"அவங்க ஒரு மார்க் குறைச்சுப் போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நன்றின்னுட்டுப் போறாங்க!" பஞ்சக்கா இதைச் சொல்லும்போது கையிலிருந்த தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. அடுத்த வாரம் ஒரு சோதனை. பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு கதவின் பூட்டுப் பக்கம் தீ தெரிந்தது. எண்ணத் தொடங்கினார். ஐந்து வந்ததும் குரல் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர் மீதியை எண்ணினார். "உள்ளதை உள்ளபடி சொல்றதுதான் அங்க வேலை. தெரிஞ்சுக்கிட்டே தெரியலன்னு சொன்ன வாய் அது. அங்க நிக்கக் கூசுச்சு. முழங்கால் வலின்னு எழுதிக் குடுத்தேன். பாருங்க, ஒண்ணு சொல்லிட்டா அடுத்தது கூப்பிடாமலே வந்து நிக்குது."

ஐந்து மாதம் கழித்து விசாரணை மன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். டீச்சர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைத் தரப்பு வக்கீல் அந்தப் பதிவேட்டை எடுத்து, நிறுத்தி நிதானமாக, கையெழுத்து யாருடையது என்பதோடு சேர்த்து வாசித்தார். பிறகு பஞ்சக்காவிடம் கேட்டார்.

"க்ளோசர் இருந்திருந்தால் அந்தக் கதவு நின்றிருக்குமா?"

"நின்னிருக்கும்."

"யாரும் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டியிருந்திருக்காது?"

"வேண்டியிருந்திருக்காது."

"அவ்வளவுதான்" என்று வக்கீல் உட்காரப் போனார். பஞ்சக்கா கூண்டைவிட்டு இறங்கவில்லை.

"இன்னும் இருக்குங்க. இடிக்குதுன்னு கேக்கறவங்க கேப்பாங்க. வலியில இருக்கிற நோயாளியப் பாக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க. வேகத்தைக் குறைக்க அதுலயே ஒரு திருகாணி இருக்கு. அரைச் சுத்து சுத்தினாப் போதும். கழட்டினவருக்கு அது தெரிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் எல்லாக் கதவும் சரியா இருக்குன்னு ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கார். அவர் அண்ணாந்து பாத்திருக்கணும்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி மெதுவாகச் சொன்னார். ஆனால் எழுதிக்கொண்டார் என்பது தீர்ப்பில் தெரிந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மீதும் ஆய்வாளர் மீதும் குற்றம் பதிவானது. அந்தப் பெண்ணின் பெயரும் ஒரு வரியில் இருந்தது: 'அறியாமையால் கழற்றக் கேட்டிருக்கிறார்.'

மன்றத்தில் டீச்சரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் பஞ்சக்காவுக்கு வரவில்லை. வாசலில் ஆட்கள் கலையும்வரை கழிப்பறையில் நின்றிருந்தார்.

போன மாதம் நான் கூடத்தில் இருந்த நாளில் டீச்சர் வந்தார். விசாரணை முடிந்துவிட்டதால் தலைவரே வாசல்வரை போய் அழைத்துவந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கையில் நோட்டு இல்லை. பஞ்சக்கா எழுந்து நின்றார். நாற்காலி காட்டவும் தோன்றவில்லை.

"தெரிஞ்சுதான் தெரியலன்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"வாய் வரலம்மா. அதுக்கு என்ன தண்டனை வேணாலும்..."

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் டீச்சர். கழற்றிய அன்றைக்கே மகள் போனில் சொல்லியிருக்கிறாள். இடுப்பு முறிந்து கிடந்த ஒரு பெரியவர், ஒவ்வொரு முறை கதவு வந்து ஸ்ட்ரெச்சரில் மோதும்போதும் அலறுவாராம். "'அம்மா, இன்னிக்கு அந்தக் கதவுத் தொல்லை விட்டுச்சு, அவர் நிம்மதியாத் தூங்கினார்'னா. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. நானும் 'நல்ல காரியம் பண்ணினே'ன்னு சொன்னேன். நானும்தானே சொன்னேன்?"

பஞ்சக்கா தம் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் உட்காரவில்லை.

"வேற யாராவது பேரைச் சொல்ல மாட்டாங்களான்னுதான் ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே போனேன். ஆஸ்பத்திரியில கேட்டேன். போலீஸ்ல கேட்டேன். எல்லாரும் தலையக் குனிஞ்சாங்க, இல்லேன்னா அவ பேரைச் சொன்னாங்க. நீ ஒருத்திதான் தெரியலன்ன. அன்னைக்கு மட்டும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டேன்."

அளவெடுக்கும் மேசையில் இருந்த தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. யாரும் அவற்றின்மேல் கனம் வைக்கவில்லை. டீச்சர் கேட்டார், "அந்த மாதிரி கதவு ஒண்ணு இருக்கா? பாக்கணும்."

பஞ்சக்கா தலைவரைப் பார்த்தார். தலைவர் பின்முற்றத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சோதனை முடிந்த கதவுகள் பின்முற்றத்தில் நிற்கும். அன்று காலை முப்பத்திரண்டு நிமிடம் தாங்கிய கதவு ஒன்று, சுவரும் இரும்புச் சட்டமுமாகத் தள்ளுவண்டியிலேயே நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அடித்து அணைத்திருந்தார்கள். சட்டத்தின் அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நெருப்பு பட்ட பக்கம் முழுக்கக் கரி, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தது. டீச்சர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார்.

மறுபக்கத்தில் வண்ணம் அப்படியே இருந்தது. மேல் ஓரத்தில் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. கைப்பிடி துடைத்துவைத்தது போல மின்னியது.

"இதுதானா அவ இருந்த பக்கம்?"

"இதுதாம்மா."

டீச்சர் உள்ளங்கையை விரித்துக் கதவின் நடுவில் வைத்தார். எடுக்கவில்லை.

"ஆமா. வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். சிறுபிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்த்துச் சொல்லும் குரல்.

பிறகு திரும்பி நின்று முதுகைக் கதவில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சிமெண்டுத் தரையில் குதிகாலை ஊன்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். கழுத்து நரம்பு தெரிந்தது. கதவு அசையவில்லை; அதைத் தள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். தலைவர் ஏதோ சொல்ல ஓரடி முன்னே வந்து, நின்றுவிட்டார்.

பஞ்சக்கா அவர் அருகே போனார். கையைப் பிடித்து அழைத்துவருவார் என்றுதான் நினைத்தேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. தாமும் திரும்பி, டீச்சரின் தோளோடு தோளாக முதுகைக் கதவில் வைத்து, காலை ஊன்றிக்கொண்டார்.